நம் எழுத்தில் ஒரே க

கூவத்துப் பாலத்தைத் தாண்டும்போது பையின் வார் அறுந்தது. ஒரு முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே நடந்தேன். பின்னால் கரையான்சாவடி, முன்னால் ஆவடி. பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போர்வை, தட்டு, டம்ளர், மடித்து மடித்துக் கோடு விழுந்த ராக அட்டவணை ஒன்று. கரையான்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் மூட்டை இறக்கி அடுக்கும் வேலை. மழைக்காலத்துக்கு முன்னால் சேர்ந்தது. படுக்கை அங்கேயே மாடிப்படிக்குக் கீழே. அப்படிப்பட்ட இடங்களில் வேலை போனால் படுக்கையும் போய்விடும். எனக்கு அது பழக்கம்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னார்.

"இனிமே உனுக்கு லீவு செவ்வாக்கெயம. ஞாயித்துக்கெயம லோடு வருது. இன்னிக்கே ஆரம்பிச்சிரு."

"ஞாயிறு எனக்கு ஆகாதுங்க."

"ஏன், மாமியார் ஊட்ல விருந்தா?"

"திருமுல்லைவாயில்ல பாட்டுப் புதிர் போடுற இடத்துக்குப் போகணும். ராகம் கண்டுபிடிப்போம்."

அவர் குடோனில் இருந்த எல்லோரையும் கை தட்டிக் கூப்பிட்டார். "டேய், இங்க வாங்கடா! இவுரு ராகத்தக் கண்டுபுடிக்கப் போறாராம். எப்ப நைனா காணாமப் போச்சு? ஸ்டேஷன்ல சொல்லிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல கேலிதான். பிறகு மாடிப்படிக்குக் கீழே போய்ப் பையை எடுத்துக்கொண்டேன்.

பருத்திப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி சாலையை அடைத்துக்கொண்டு ரிவர்ஸில் வந்தது. பின்பக்கத்து ஹாரனில் ஒரு சின்ன மெட்டு திரும்பத் திரும்ப ஓடியது. முதலில் மோகனம் என்று நினைத்தேன். ஆனால் முடியும் இடத்தில் ஏதோ ஒரு சுரம் கூடுதலாக உரசியது. அது நிஷாதமா, இல்லை பேட்டரி இறங்கியதால் வந்த கோணலா? இன்னும் ஒருமுறை கேட்டால் தெரிந்துவிடும் என்று லாரிக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நான் வழி காட்டுகிறேன் என்று நினைத்து டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"வரலாமா அண்ணே?"

"வாங்க வாங்க," என்றேன். லாரி வந்தால்தானே மெட்டும் வரும். ஒரு கம்பெனி கேட்டுக்குள் அது போய்ச் சேரும்வரை கேட்டேன். நிஷாதம் இல்லை. பேட்டரிதான்.

இந்தப் பித்து எனக்கு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு ஈரோட்டில் சாயப்பட்டறை, ஓசூரில் ரோஜாப்பூ வெட்டும் வேலை, திரும்பி வந்து சென்னையில் ஒரு சங்கீத சபாவின் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. கழுவுகிற தொட்டியும் மேடையும் ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக இருந்தன. பாடியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்குப் பாடியது சுவர்தான். இடைவேளையில் ரவா தோசை சாப்பிட வருகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். "அது தர்பார் ஐயா." "உமக்குக் காது அடைச்சிருக்கு, சுத்த நாயகி." இரண்டு பேரும் படித்தவர்கள், இரண்டு பேரும் ஒரே பாட்டைக் கேட்டவர்கள். அப்படியென்றால் தர்பாருக்கும் நாயகிக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது? அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பழைய புத்தகக் கடையில் தமிழில் அச்சடித்த ராக அட்டவணை ஒன்றை வாங்கினேன். அதற்குப் பிறகு எத்தனையோ வேலை மாறியது. அட்டவணை மட்டும் பையிலேயே இருந்தது.

திருமுல்லைவாயில் வீட்டுக்குள் நான் போனது ஒரு தப்பான பதிலால். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக ஓர் ஆண் குரல் கேட்டது. "பெயருக்குள்ள பாம்பு இருக்கிற ராகம் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்." நான் ஏணியில் நின்றபடி, "புன்னாகவராளி!" என்று கத்திவிட்டேன்.

ஜன்னலில் ஒரு கண்ணாடி போட்ட முகம் வந்தது. "அதுல இருக்கிறது பாம்பு இல்ல, புன்னை மரம். எல்லாரும் விழுற குழியிலயே விழுந்துட்டீங்க. நாகானந்தினின்னு சொல்லியிருக்கணும். பரவாயில்ல, தப்பாச் சொல்றதையும் உள்ள வந்து சொல்லுங்க. காபி இருக்கு."

அவர்தான் கேள்வி போடுகிறவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். நாங்கள் சார் என்போம். அவரைச் சுற்றி இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ராகத்தின் பெயர்கள் அவர் வாயில் சிரமப்படும், ஆனால் எந்தச் சினிமாப் பாட்டைப் போட்டாலும் அதே ராகத்தில் இன்னும் நாலு பாட்டை எடுத்து வைப்பார். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிறார், கம்ப்யூட்டர் கம்பெனியில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. அவரை நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். என்னைச் சேர்த்து நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாரின் வீட்டு முன்னறையில் கூடுவோம். பாட வேண்டியதில்லை, எங்களில் யாருக்கும் குரல் கிடையாது. கேள்வியும் பதிலும்தான். "மோகனத்தைப் பாடிக்கிட்டே போய் அதோட காந்தாரத்துல நின்னு, அதையே ஸ-ன்னு வெச்சுக்கிட்டா என்ன ராகம்?" என்பார் சார். நாங்கள் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு விரலால் எண்ணிப் பார்ப்போம். இந்தோளம் வரும். அதே ஐந்து சுரங்கள். நிற்கிற இடத்தை மாற்றினால் வேறு ராகம். இதை முதலில் கேட்ட அன்று திருமுல்லைவாயிலிலிருந்து ஆவடி வரை தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து போனேன். ரயிலில் ஏறி உட்கார்ந்தால் யோசனை கலைந்துவிடும் என்று பட்டது.

அந்த முன்னறைக்குத்தான் அன்று ஆபத்து வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நீல நிற சூட்கேஸ். நம்பர் பூட்டுப் போட்டது. சாரின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு முறம், அதில் உளுந்து. நான் அவரை அக்கா என்பேன். அவர் இட்லி மாவு அரைத்துச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளுக்குக் கொடுக்கிறார். பின்கட்டில் ஒரு கிரைண்டர் ஓடுகிறது. ஒன்று போதவில்லை என்று இரண்டாவதற்கு இடம் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த வீட்டில் இடம் என்றால் இந்த முன்னறை ஒன்றுதான்.

"வாங்க தம்பி," என்றார் அக்கா. "நீங்களும் இருக்கும்போதே சொல்லிடுறேன். உங்க சுருதிப் பெட்டி, ஸ்பீக்கரு எல்லாம் இதுக்குள்ள இருக்கு. மூணு நம்பர் பூட்டு. நம்பர் என்னன்னா, ஒரு ராகம். உங்க சார் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுப்பாரே, பேர்ல இருந்து நம்பர் எடுக்கிற கணக்கு, அந்தக் கணக்குப்படி வெச்சிருக்கேன். தொறந்துட்டீங்கன்னா அறை உங்களுது, நான் வாயத் தொறக்க மாட்டேன். தொறக்கலன்னா நாளைக்கு கிரைண்டர் இங்க வருது. நீங்க ஏரிக்கரையில போய் உக்காந்து கேள்வி கேட்டுக்கோங்க."

"எழுவத்திரெண்டு ராகம்தானேக்கா," என்றார் ஆட்டோக்காரர். "ஒண்ணுல ஆரம்பிச்சு சுத்திக்கினே போனா டீ ஆறதுக்குள்ள தொறந்துகும்."

"மூணே தடவதான். அதுக்குத்தான் நான் உக்காந்திருக்கேன்."

"துப்பு?" என்றார் சார். கேள்வி போடுகிறவரிடமே கேள்வி கேட்கப்பட்டதில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி என்று முகத்தில் தெரிந்தது.

"கல்யாணம் ஆனதுல இருந்து தெனமும் காலைல என் காதுல விழுற ராகம்."

நான் பையைச் சுவரோரம் வைத்தேன். மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

"ஊருக்கா போறீங்கண்ணே?"

"இல்ல மேடம். ஞாயித்துக்கிழமை வேலைக்கு வரச் சொன்னாங்க. விட்டுட்டு வந்துட்டேன்."

ஆட்டோக்காரர் கேட்டார். "அப்ப இது தொறக்கலன்னா?"

"சாயங்காலம் காட்பாடி ரயில். அங்க ஒரு செங்கல் சூளைல தெரிஞ்சவர் இருக்கார்."

பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதுதான் திட்டம். இந்த ஊரில் என்னைப் பிடித்து வைத்திருந்தது இந்த ஒரு மதியம்தான். அது இல்லையென்றால் செங்கல்லும் மூட்டையும் ஒன்றுதான். அக்கா உளுந்தில் கல் பொறுக்குவதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். ஆனால் நிபந்தனையை மாற்றவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. மாற்றியிருந்தால் புதிர் கெட்டுப்போயிருக்கும்.

பெயரில் இருந்து எண் எடுக்கும் கணக்கைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாய் ராகங்கள் எழுபத்திரண்டு. ஒவ்வொன்றின் பெயரிலும் அதன் வரிசை எண் ஒளிந்திருக்கிறது. எழுத்துக்கு ஓர் எண் உண்டு. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு எண் பார்த்துத் திருப்பிப் போட வேண்டும். மாயாமாளவகௌளை என்றால் மா ஐந்து, யா ஒன்று. திருப்பினால் பதினைந்து. அதுதான் அதன் இடம். யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ பெயரையும் எண்ணையும் இப்படிச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட வாரத்தில் கடைப் பலகை, பஸ் போர்டு எதைப் பார்த்தாலும் எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

"தெனமும் காலைலன்னா கோயில் ஸ்பீக்கர்," என்றார் சார். "விடியும்போது நாகஸ்வரம் போடுறாங்க. காலை ராகம், பாடம் ஆரம்பிக்கிற ராகம், மாயாமாளவகௌளை. பதினஞ்சு."

"சார், கல்யாணம் ஆனதுல இருந்துன்னு சொல்லுதாங்க," என்றார் மேடம். "அப்ப நீங்க இந்த வீட்லயா இருந்தீங்க?"

"அப்ப பட்டாபிராம்ல இருந்தோம். அங்கயும் கோயில் இருந்தது."

அந்தக் கேள்வியில் நாங்கள் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். சார் பூஜ்யம், ஒன்று, ஐந்து என்று திருப்பிவிட்டார். திறக்கவில்லை. அக்கா ஒரு விரலை மடக்கினார்.

பிறகு எல்லோரும் யோசித்தோம். பால்காரர் வண்டி ஹாரன், குக்கர் விசில், தெருவில் வரும் குப்பை வண்டியின் பாட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொன்றாகத் தள்ளினோம். குப்பை வண்டிக்குப் பாட்டு வந்தது சமீபத்தில். கல்யாணம் ஆகி வெகு காலம். ஆட்டோக்காரர் பின்கட்டைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"எக்கா, கிரைண்டர் சத்தம்தானே? காலங்காத்தால கரகரகரன்னு ஓடிக்கினு கீது. கரகரப்பிரியா!"

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சார் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. கிரைண்டர் வாங்கியே மூணு நாலு வருஷம்தான் ஆகுது," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தபடி யோசித்தார்.

அப்போதுதான் கேட்டது. மிக மெல்லியது. வாய் மூடியிருந்தது, மூக்கு வழியாக வந்தது. ஓர் இழை மேலே போய், காந்தாரத்தில் ஊசலாடி, ரிஷபத்தில் இறங்கி உட்கார்ந்தது. மறுபடி போயிற்று. சார் தான் பாடுகிறோம் என்பதே தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முறத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"சார்," என்றார் ஆட்டோக்காரர், "இன்னாது அது, மூக்கால பாடிகினு கீறீங்க?"

"யாரு? நானா?"

"நீங்கதான் சார்," என்றார் மேடம். "கரகரப்பிரியா. அப்பட்டமா இருக்குல்லா."

"நான் பாடவே மாட்டேனே."

"சார், நீங்க எப்பவும் பாடுதீங்க. கேள்வித்தாள் தேடும்போதெல்லாம் பாடுதீங்க. நான் வேணும்னு பாடுதீங்கன்னுல்லா நெனச்சேன்."

சார் மனைவியைப் பார்த்தார். அக்கா உளுந்தை ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டே ஒரு பதில் மாதிரிதான் இருந்தது.

"கரகரப்பிரியா, இருபத்திரண்டு," என்றார் மேடம். எழுந்து குதிக்காத குறை. "ஆட்டோ அண்ணன் கேலியாச் சொன்னதே சரியாப் போச்சு!"

பூஜ்யம், இரண்டு, இரண்டு. மேடம்தான் திருப்பினார். பூட்டின் இரண்டு பொத்தான்களையும் தள்ளினார். அசையவில்லை. மறுபடி தள்ளினார். அசையவில்லை.

"ரெண்டு," என்று அக்கா இரண்டாவது விரலை மடக்கினார். "கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, உளுந்து ஊறப் போடணும்."

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. எனக்கு உண்மையில் ஒரே ஆச்சரியமாக இருந்தது. ராகம் சரி. அதில் சந்தேகமில்லை, அக்காவின் தட்டே சொல்லிவிட்டது. பெயர் சரி. எண்ணும் எங்களுக்குத் தெரிந்தவரை சரி. சரியான மூன்றைச் சேர்த்தால் ஏன் திறக்கவில்லை?

"தலைகீழா வெச்சிருப்பா," என்றார் சார். "மூணு வளையம் இருக்கு. ராகத்துக்கு ரெண்டு எண்தான். பூஜ்யத்த முன்னால வைக்காம பின்னால வெச்சிருப்பா. இரண்டு, இரண்டு, பூஜ்யம்."

"லாஜிக் சரிதான்," என்றார் மேடம். "ஆனா சார், கடைசித் தடவ."

சாரின் கை வளையத்துக்குப் போயிற்று. நான் அப்போது அந்த அறையில் என் முதல் நாளை நினைத்துக்கொண்டேன். புன்னை மரப் பதில் தப்பாகிப்போன பிறகு, என்னைச் சோதிக்க சார் கேட்ட இரண்டாவது கேள்வியே இதுதான். கரகரப்பிரியாவின் எண் என்ன? என் அட்டவணையில் எண் கிடையாது, பெயரைப் பார்த்து எழுத்துக் கணக்குப் போட்டேன். க ஒன்று, ர இரண்டு, திருப்பினால் இருபத்தொன்று என்றேன். சார் தலையை ஆட்டினார். வடமொழியில் நாலு க உண்டு, முதல் க ஒன்று, இரண்டாவது க இரண்டு, இந்த ராகத்தில் வருவது வயிற்றிலிருந்து வரும் இரண்டாவது க, அதனால் இருபத்திரண்டு என்றார். நான் படித்த பள்ளியில் ஒரே க-தான் இருந்தது. எட்டு வருடமும் அதை வைத்தே ஓட்டினோம். நாலு க இருப்பதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இல்லை, வேறு ஊர் ஒன்றைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கணக்கைச் சார் ஆங்கில எழுத்தில், k-வுக்குப் பக்கத்தில் ஒரு h வைத்து, எழுதிப் போடுவார். மேடத்தின் பட்டியலும் ஆங்கிலத்தில்தான். தமிழ் எழுத்தில் போட்டுப் பார்க்கிறவன் அந்த வட்டத்தில் நான் ஒருவன்தான்.

ஒருவன்தானா?

"அக்கா," என்றேன். "நீங்க எந்த எழுத்துல எழுதிப் பாத்தீங்க?"

"கேள்வி கேக்கக் கூடாது," என்றார் சார். தன் பக்கம் தோற்கும்போதும் அவருக்கு விதிதான் முக்கியம்.

"எழுத்துன்னா என்ன எழுத்து," என்றார் அக்கா, "நம்ம எழுத்துதான். இங்கிலீஷ்ல எழுத எனக்கென்ன வேண்டுதலா?"

"சார், கைய எடுங்க," என்றேன். "இருபத்தொண்ணு போடுங்க."

"இருபத்தொண்ணு கீரவாணி தம்பி. நான் கீரவாணி பாடல."

"நீங்க பாடினது கரகரப்பிரியாதான். ஆனா அக்காவுக்கு ஒரே க."

சார் கையை எடுக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. அவர் முகத்தில் ஓடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தப்பான எண்ணைத் தெரிந்தே போட அவருக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கணக்கு பார்த்தவர். மேடம்தான் மெதுவாகச் சொன்னார். "சார், எங்க ஆபீஸ்ல தப்பு கண்டுபிடிக்கணும்னா, எழுதினவன் மாதிரி யோசிக்கணும்னு சொல்லுவாங்க. அண்ணே போடட்டும்."

சூட்கேஸ் என் பக்கம் வந்தது. பூஜ்யம், இரண்டு, ஒன்று. பொத்தானைத் தள்ளினேன். இரண்டு பக்கமும் டக், டக் என்று துள்ளித் திறந்தன.

ஆட்டோக்காரர் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "மச்சான், காட்பாடிக்கு வேற எவனாச்சும் போவட்டும்!"

சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சார் இந்தப் புதிர் செல்லாது என்றார். கேள்வியிலேயே பிழை இருந்தால் பதிலைச் சரி என்று எப்படி ஏற்பது? இருபத்திரண்டுக்குத் திறக்காத பெட்டி இருபத்தொன்றுக்குத் திறந்தால் தப்பு பெட்டி மேல்.

"ஏங்க, பெட்டி தொறந்துச்சா இல்லயா?" என்றார் அக்கா.

"தொறந்துச்சு. ஆனா க-ங்கிறது..."

"உங்க நாலு க-வுல ஒண்ணாச்சும் தொறந்துச்சா?"

சார் வளையங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு ஒன்றைக் கேட்டார், குரலைத் தாழ்த்தி. "நான் தெனமும் பாடுறேனா?"

"பல்லு வெளக்கும்போது. செருப்பத் தேடும்போது. சட்டைக்குப் பித்தான் போடும்போது. கல்யாணம் ஆன மறுநாள் காலைல எதிர் வீட்டு ரேடியோன்னு நெனச்சேன். எந்திரிச்சுப் பாத்தா நீங்க."

"ஒரு நாள்கூடச் சொல்லலியே நீ?"

"என்னன்னு சொல்றது? அது ராகம்னே எனக்கு எப்பத் தெரியும்? நீங்க இங்க உக்காந்து ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டும்போது ஒரு நாள் அது வந்துச்சு. அடுப்படில நின்னு கேட்டேன். அட, இது நம்ம வீட்டு சத்தமாச்சேன்னு. பேரு மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டேன்."

மேடம் சுருதிப் பெட்டியைச் சூட்கேஸிலிருந்து எடுத்துத் தேவையில்லாமல் அதன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அறை எங்களுடையது என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கண் ஜன்னலோரத்து மூலையை அளந்துகொண்டிருந்தது. வாராவாரம் திருப்பி அனுப்பும் ஆர்டர்களைப் பற்றி எங்களிடம் அவர் பேசியதே இல்லை. அன்று பேசினார். புது அடுக்குமாடியில் இரண்டு பிளாக் முழுக்கக் கேட்கிறார்களாம். ஜெயித்த பிறகு கேட்க அது சங்கடமாக இருந்தது. ஆட்டோக்காரர் எழுந்து போய் மூலையைத் தன் கையாலேயே முழம் போட்டார்.

"எக்கா, கிரைண்டர் இங்க நிக்கும். ஞாயித்துக்கெழம மேல ஒரு துணியப் போத்தி ஸ்பீக்கர அதும் மேல வெச்சிக்கலாம். நம்மளுக்கு இன்னா, உக்கார தரை போதும்."

"எடம் சரி," என்றார் அக்கா. "ரெண்டு ஓடினா ஆள் வேணுமே. நான் ஒருத்தி எத்தனைக்குன்னு ஓடுறது?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எல்லோரும் முயன்றதில் அது நன்றாகவே தெரிந்தது. நானே கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை லீவாக்கா?"

"ஞாயித்துக்கிழமதான் தம்பி மாவு பறக்கும். காலைல பாக்கெட்டக் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துருங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்களும் உங்க ராகமும்."

"படுக்க?"

"இங்கதான். அந்தப் பெட்டிய மட்டும் தலைக்கு வெச்சுக்காதீங்க, வளையம் ஒடஞ்சிரும்."

மறுநாள் காலை பின்கட்டில் கிரைண்டர் முன்னால் நின்றேன். புதியது இன்னும் வரவில்லை. பழையதில் பழகிக்கொள்ளச் சொல்லியிருந்தார் அக்கா. வேலை கடினமில்லை. உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், ஓரத்தில் ஏறுவதைக் கையால் தள்ளிவிட வேண்டும், தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொடுக்க வேண்டும். விரல் நுனியில் மாவு பஞ்சு மாதிரி ஆனதும் வழிக்க வேண்டும். கல் சுற்றும் சத்தத்துக்கு ஒரு சுருதி இருக்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். உளுந்து போடும்போது இறங்குகிறது, அரைபட அரைபட ஏறுகிறது.

சார் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பல் விளக்கினார், சட்டை போட்டார், ஒரு சத்தமும் இல்லை. ஒருமுறை ஏதோ ஆரம்பித்த மாதிரி இருந்தது, உடனே தொண்டையைச் செருமி நிறுத்திக்கொண்டார். அக்கா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். என் பக்கத்தில் வந்தபோது முகம் சரியில்லை.

"பாத்தீங்களா? கண்டுபுடிக்கிறேன்னு கண்டுபுடிச்சு, இப்ப மனுஷன் வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. வெக்கமா இருக்காம்."

தண்ணீர் தெளித்தேன். கல் சுற்றிக்கொண்டிருந்தது. சார் கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினார். தன் சத்தம் இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பார், அல்லது எதையுமே நினைத்திருக்க மாட்டார். கரகரவென்ற சத்தத்துக்கு அடியில் அந்த இழை எழுந்தது. காந்தாரத்தில் ஊசலாடிற்று, ரிஷபத்தில் இறங்கிற்று.

உளுந்து அரைபட்டுவிட்டது. விரலில் எடுத்துப் பார்த்தேன், பஞ்சு. சுவிட்சில் கையை வைத்தேன். அக்கா தூரத்திலிருந்தே கையை வீசினார்.

"நிறுத்தாதீங்க!"

"மாவு சூடாயிடும்க்கா."

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே கிரைண்டரை ஓடவிட்டேன்.